பதினேழு படிகளும் ஒரு தள்ளுவண்டிலும்

1989ஆம் ஆண்டு மாசி மாதம் என் மகள் பிறந்தபோது, கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாமில் ஒரு கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளில் குடியிருந்தோம். தெருவாசலிலிருந்து எங்கள் கதவுக்குப் பதினேழு படிகள். நடுவில் ஒரு திருப்பம். அங்கே ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றால்தான் மற்றவர் இறங்கலாம். பிள்ளைக்கு எந்த வண்டில் என்பதைத் தீர்மானித்தது அந்தப் படிக்கட்டுத்தான்.

அந்த மகள் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. போன மாதம் அவளோடும் மருமகனோடும் குழந்தைச் சாமான் விற்கும் பெரிய கடையொன்றுக்குப் போனேன். மேல்தளம் முழுவதும் வண்டில்கள்; நாற்பதுக்குக் குறையாது. விற்பனைப் பெண் கேட்ட முதற்கேள்வி, "என்ன கார் வைத்திருக்கிறீர்கள்?" முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் கேட்கப்பட்ட முதற்கேள்வி வேறு. மனோர் பார்க்கில் இருந்த ஊர்க்காரப் பெண்ணொருவர், தன் பிள்ளை நடக்கத் தொடங்கியதும், என் கணவரைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, எத்தினையாம் மாடியில இருக்கிறியள்? அப்ப இந்தச் சின்னதைக் கொண்டு போங்கோ. பெரிய பிராமை உங்கட படியில ஏத்த ஏலாது."

அந்தச் "சின்னது" குடைபோல மடங்கும் பக்கி. குடைப்பிடி போலவே வளைந்த இரண்டு கைபிடிகள், நீலமும் வெள்ளையுமாகக் கோடிட்ட துணி, கால்களில் சின்னஞ்சிறு இரட்டைச் சக்கரங்கள். மடித்தால் கக்கத்தில் வைக்கலாம். அதை ஒரு கையிலும் பிள்ளையை மறு தோளிலும் கொண்டு பதினேழு படிகளையும் தனியாக ஏறியிருக்கிறேன். ஒரு நாளில் மூன்று தடவைகூட.

அதைச் செய்தவரின் பெயர் ஓவன் மக்லாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரக்கால்களில் வேலைசெய்த பொறியாளர். மொஸ்கோவிலிருந்து வந்த மகள் பேரக்குழந்தையின் பாரமான வண்டிலோடு படும் பாட்டைப் பார்த்து, விமானச் சக்கரம் மடிந்து உள்ளே போகும் விதத்தை நினைத்து, அலுமினியக் குழாய்களால் ஒரு வண்டில் செய்தார். 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1967இல் அது விற்பனைக்கு வந்தது. முதல் வண்டிலின் எடை 6 இறாத்தல், அதாவது 2.7 கிலோ. நல்ல தேங்காய் நாலைந்தின் பாரம்.

அதற்கு முந்தியவை உண்மையில் சிறு குதிரைவண்டிகள்தாம். வில்லியம் கென்ற் என்பவர் 1733இல் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்குச் சிப்பி வடிவில் செய்த வண்டில், ஆடோ மட்டக்குதிரையோ இழுப்பதற்கானது. வில்லியம் வில்சன் 1877இல் லீட்ஸ் நகரில் தொடங்கிய சில்வர் குரொஸ், உயர்ந்த சக்கரமும் வில்லும் வைத்த தொட்டில்வண்டில்களால் பெயர்பெற்றது. போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலையும் விமானப் பாகங்கள் செய்தது. பிரித்தானியப் பிள்ளைகளின் வண்டில்களுக்குள் எத்தனை விமானம் ஒளிந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

எங்கள் அடுத்த வீட்டு ஆங்கிலேய மூதாட்டி ஒருவர் அப்படியொரு பெரிய பிராமில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். காலையில் பால் கொடுத்துப் பிராமில் கிடத்தி, முன்தோட்டத்தில் விட்டுவிட்டு வீட்டு வேலையைப் பார்ப்பாராம். குளிர்காலத்திலும் அப்படியே, காற்றுப்பட்டால்தான் பிள்ளை தேறும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. எனக்கு முன்தோட்டமும் இல்லை, துணிவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொண்டேன். அந்தப் பிராமில் பிள்ளை மல்லாந்து கிடந்து, தள்ளும் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறது.

எங்கள் பக்கி இலேசானதற்கு விலை இரண்டு. ஒன்று, பச்சைப்பிள்ளையை அதில் வைக்க முடியாது. முதுகு நிமிர்ந்து படுக்க இடமில்லாத தொங்கு துணி அது. ஆகவே முதல் நான்கு மாதமும் மகள் என் கையிலேயே இருந்தாள். முப்பத்தொரு நாள் துடக்கென்று வெளியே போகாதிருந்தது வழக்கம் பற்றி. அதற்குப் பிறகும் போகாதிருந்தது வண்டில் பற்றி. ஊரில் என்றால் அம்மாவின் கை, சின்னம்மாவின் இடுப்பு, திண்ணையில் கட்டிய ஏணை என்று பிள்ளை இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கும். இங்கே இருந்தவை இரண்டே கைகள். கணவர் இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலைசெய்துவிட்டுப் பகலில் உறங்குவார். மற்ற விலையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இன்றைய டிராவல் சிஸ்டத்தில் இந்தக் குறை இல்லை. கடைப்பெண் அதைப் பொறுமையாகப் பூட்டியும் கழற்றியும் காட்டினார். சட்டகம் ஒன்று, அதன்மேல் மாற்றிப் பூட்டுபவை மூன்று. முதலாவது கேரிகொட். தட்டையான மெத்தையுள்ள கூடை. ஏறத்தாழ ஆறு மாதம்வரை, அல்லது பிள்ளை 9 கிலோ ஆகும்வரை. பிறகு இருக்கை, ஐந்து முனைப் பட்டியோடு, 15 கிலோவரை, சிலவற்றில் 22 கிலோவரை. மூன்றாவது பச்சைப்பிள்ளைக்கான கார் சீற். காரிலிருந்து கழற்றி அப்படியே சட்டகத்தில் பூட்டலாம். காருக்குள் நிரந்தரமாக இருக்கும் அடித்தளம் வேறு. சீற் சரியாகப் பூட்டினால் ஒரு சத்தம் கேட்கிறது, பச்சை அடையாளம் தெரிகிறது. பூட்டாவிட்டால் சிவப்பு. மருமகன் ஏழெட்டுத் தடவை பூட்டிப் பார்த்தார். அந்தப் பச்சையைப் பார்க்க எனக்கும் மனம் ஆறியது.

ஏனென்றால் 1989இல் என் மகளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது நண்பர் ஒருவரின் காரில், என் மடியில். அதை யாரும் தவறென்று சொல்லவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில்தான், பட்டி பூட்டிய கார்களின் பின் இருக்கையில் போகும் பிள்ளைகள் அதைக் கட்ட வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2006 செப்டெம்பரிலிருந்து 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் ஆகும்வரை பிள்ளைக்கு ஏற்ற கார் சீற் கட்டாயம். இப்போதைய ஐ-சைஸ் விதிப்படி குறைந்தது 15 மாதம்வரை பிள்ளை பின்னோக்கியே இருக்க வேண்டும். சிறுபிள்ளையின் தலை உடலைப் பார்க்கப் பாரமானது, கழுத்து இன்னும் பலப்படாதது. முன்னால் மோதினால் அந்தத் தலையை முதுகுப்பலகை தாங்கிக்கொள்ளும். என் மடி எதைத் தாங்கியிருக்கும் என்று இப்போது நினைக்கவே பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் மாறியது. அப்போது எங்கள் வீட்டுக்கு வந்த தாதி, பிள்ளையைக் குப்புறக் கிடத்தச் சொன்னார். அதுதான் அன்றைய அறிவுரை. 1991இன் கடைசியில் அது தலைகீழானது. மல்லாத்தியே உறங்கவைக்க வேண்டும் என்ற பெரும் பிரசாரம் நாடு முழுவதும் நடந்தது. அதன்பின் காரணம் தெரியாத தொட்டில் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. கேரிகொட் தட்டையாக இருப்பதன் அருமை இதை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் டிராவல் சிஸ்டத்தின் மிகப்பெரிய வசதியே அதன் பொறியும்கூட. காரில் உறங்கிப்போன பிள்ளையை எழுப்பாமல், சீற்றோடு தூக்கிச் சக்கரத்தில் பூட்டிக் கடைகடையாகத் திரியலாம்; வீட்டுக்கு வந்தும் அப்படியே ஒரு மூலையில் வைத்துவிடலாம். செய்யக் கூடாது. கார் சீற்றில் பிள்ளை அரைவாசி இருந்த நிலையில் இருக்கிறது. தலை முன்னே சரிந்தால் மூச்சு தடைப்படலாம். முதல் மாதத்தில் ஒரே தொடராக அரை மணிக்கு மேல் வேண்டாம், அதன் பிறகும் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம் என்பது இங்கே பாதுகாப்பு உறக்கம் பற்றிச் சொல்பவர்களின் அறிவுரை. கடைப்பெண்ணும் இதைச் சொன்னார், ஆனால் கேட்ட பிறகு. கேட்காதவர்களுக்கும் அவர் சொல்ல வேண்டும்.

இனி எடை. சட்டகமும் இருக்கையும் சேர்ந்து 10 முதல் 14 கிலோவரை. ஒரு வயதுப் பிள்ளை 9 அல்லது 10 கிலோ. கீழ்க்கூடையில் நாலைந்து கிலோச் சாமான். அன்று நான் ஒரு கையில் தூக்கியதை இன்று இருவர் தூக்க வேண்டும். அலுமினியம் அதேதான், அறிவும் கூடியிருக்கிறது. வண்டில் மட்டும் ஏன் இத்தனை பாரமாயிற்று? கடையிலிருந்து வீடு திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு விடை கிடைத்தது.

அந்தக் காலத்தில் ஈஸ்ட்ஹாமிலிருந்து நகரத்துக்குப் போகும் 15ஆம் இலக்க பஸ், பின்புறம் திறந்த ரூற்மாஸ்ரர். ஏறுமிடத்தில் உயரப் படி, நடுவில் ஒரு கம்பம். பக்கியை மடிக்காமல் ஏறவே முடியாது. பிள்ளையைக் கண்டக்டர் வாங்கிக்கொள்வார், நான் மடித்துத் தருவேன், அவர் அதை மாடிப்படிக்குக் கீழே இருந்த இடுக்கில் செருகிவைப்பார். கண்டக்டர் இல்லாத பஸ்ஸென்றால் வரிசையில் நிற்கும் யாரோ ஒருவரிடம் பிள்ளை போகும். என் மகளை எத்தனை முன்பின் தெரியாத கைகள் வாங்கியிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு தடவை ஒரு சீக்கியப் பெரியவர் பிள்ளையை வாங்கியவர், அவள் உறங்கிவிட்டாள் என்று ஆல்ட்கேற்வரை கொடுக்கவேயில்லை.

ரூற்மாஸ்ரரின் வழமையான சேவை 2005 டிசம்பரில் 159ஆம் இலக்கப் பாதையோடு முடிந்தது. இப்போது லண்டன் பஸ்கள் எல்லாம் தாழ்தளம். நடைபாதையிலிருந்து அப்படியே உருட்டி ஏற்றலாம். 1987இல் திறந்த டொக்லாண்ட்ஸ் ரயில் தொடக்கத்திலிருந்தே படியில்லாதது; 1999இல் நீட்டிய ஜுபிலி பாதையின் புதிய நிலையங்களும், 2022இல் வந்த எலிசபெத் பாதையின் 41 நிலையங்களும் அப்படியே. பழைய நிலக்கீழ் நிலையங்களில்தான் குறை: மொத்தம் 272, படியில்லாமல் போகக்கூடியவை 90க்குச் சற்று மேல். படிகள் குறையக் குறைய வண்டில் பாரமாக இடம் கிடைத்தது. யாரும் தூக்க வேண்டாத உலகத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டில் இது.

இந்தத் தாழ்தளத்துக்காகப் போராடியவர்கள் சக்கரநாற்காலியில் செல்வோர். அதை வண்டில் தள்ளும் நாங்கள் மறக்கக் கூடாது. பஸ்ஸில் இருக்கும் அந்த இடம் முதலில் அவர்களுடையது. 2012இல் டக் பாலி என்பவர் லீட்ஸ் செல்லும் பஸ்ஸில் ஏற முடியாமற் போனார். அந்த இடத்தில் இருந்த தாய் தன் வண்டில் மடியாது என்று சொன்னதே காரணம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. இடம் விடும்படி ஒரு தடவை கேட்டுவிட்டுச் சாரதி சும்மா இருந்துவிட முடியாது, அதற்கு மேலும் முயல வேண்டும் என்று 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஆகவே எவ்வளவு பெரிய வண்டில் வாங்கினாலும், அதை மடிக்க வேண்டிய நாள் வரும். பல டிராவல் சிஸ்டங்களில் கேரிகொட்டைக் கழற்றிய பிறகுதான் சட்டகம் மடியும். ஓடும் பஸ்ஸில் கையில் பிள்ளை, காலடியில் கூடை, மற்றக் கையில் சட்டகம். என் மகளுக்கு அந்த நேரத்தில் கண்டக்டர் இல்லை.

பக்கியின் இரண்டாவது விலை என்று சொன்னது, முகம். பிள்ளை தெருவைப் பார்த்து இருந்தாள். நான் அவள் உச்சந்தலையைப் பார்த்துத் தள்ளினேன். இரண்டு ஆண்டுகள் அப்படி. நான் பேசாமல் போனதில்லை. 'அங்கே பார் பூனை, இங்கே பார் மாடுபோல ஒரு நாய்' என்று தெரு முழுவதும் தமிழிலேயே சொல்லிக்கொண்டு போவேன். ஆனால் அந்தத் தமிழ் அவளுக்குப் பின்னாலிருந்து வந்த குரல். முன்னால் தெரிந்த வாய்கள் எல்லாம் வேறு மொழி பேசின. 2008இல் டண்டீ பல்கலைக்கழக உளவியலாளர் சுசேன் சீடிக் பிரித்தானியத் தெருக்களில் 2,722 பெற்றோர்-பிள்ளைச் சோடிகளை அவதானித்து ஒரு ஆய்வு வெளியிட்டார். பிள்ளை தம்மைப் பார்த்திருக்கும் வண்டிலைத் தள்ளியவர்கள், மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பிள்ளையோடு பேசினார்கள். பத்திரிகையில் அதைப் படித்த அன்று மகளுக்குப் பத்தொன்பது வயது. நீண்ட நேரம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு இருந்தேன்.

நாற்பது வண்டில்களில் மகள் முதலில் தேடியது இதைத்தான். இருக்கையைக் கழற்றித் திருப்பிப் பூட்டலாம். விரும்பினால் தெருவைப் பார்க்கும், விரும்பினால் தாயைப் பார்க்கும். பழைய பிராம் தந்த முகத்தை மடிக்கும் பக்கி பறித்தது. அது நாற்பது ஆண்டு கழித்துப் பாரத்தோடு திரும்பி வந்திருக்கிறது. "அம்மா, இதில இருந்து பிள்ளை உங்களையும் பார்க்கும்," என்றாள். எனக்கு வேறு எந்த வசதியும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கிக்குக் காசு கொடுக்கவில்லை. மனோர் பார்க்கிலிருந்து வந்தது எங்களிடமிருந்து இல்ஃபர்ட்டுக்கும் அங்கிருந்து வால்தம்ஸ்ரோவுக்கும் போயிற்று. துணி கிழிந்தபோது ஒரு வீட்டில் சேலைத் துண்டு வைத்துத் தைத்திருந்தார்கள். நான்கு குடும்பங்களின் பிள்ளைகள் அதில் வளர்ந்தார்கள். இன்றும் கலியாண வீட்டில் கண்டால் அந்த நான்கு தாய்மாரும் அதைப் பற்றிப் பேசுவோம். கடையில் பார்த்த முழுத் தொகுதிகள் ஐந்நூறு பவுணைச் சுற்றித் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிப் போயின. கார் சீற்றை முன்பின் அறியாதவரிடம் பழையதாக வாங்கக் கூடாது. விபத்தில் அடிபட்டதா என்பது வெளியே தெரியாது. அதற்குக் கொடுக்கும் காசு முழுவதும் நியாயம் என்பேன். சட்டகத்துக்கும் கூடைக்கும் அந்த விதி இல்லை. தடை பிடிக்கிறதா, பட்டி பூட்டுகிறதா, மடிப்புப் பூட்டு இறுகுகிறதா என்று பார்த்து வாங்கினால் பழையது போதும். மருமகன் இதற்கு உடன்படவில்லை. முதற்பிள்ளைக்குப் புதிதுதான் என்றார். அவருடைய ஆசைக்குக் குறுக்கே நான் நிற்கவில்லை.

அவர்கள் இருப்பது பார்க்கிங் (Barking) என்ற ஊரில், நான்காம் மாடி. லிப்ட் உண்டு. போன மார்கழியில் ஒன்பது நாள் அது வேலை செய்யவில்லை. இதை நான் நினைவூட்டியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதுவரை பார்த்திருந்தது 13 கிலோ வண்டில். சாம்பல் நிறம், தோல் கைபிடி, பார்க்க மிக அழகு. பழக்கிக் காட்டவென்று கடையில் பாரம் கூட்டிய பொம்மையொன்று வைத்திருந்தார்கள். அதை உள்ளே வைத்து, கடையின் பின்படிக்கட்டில் ஒரு மாடி தூக்கிப் போய்ப் பார்க்கச் சொன்னேன். மருமகன் தூக்கினார். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு இறங்கி வந்தார். அந்த அழகு வண்டிலைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

இலேசு வேண்டுமென்றால் இன்றும் இல்லாமல் இல்லை. 2012இல் பிரான்சில் வந்த யோயோ ஏறத்தாழ 6 கிலோ. விமானத்தின் தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்குமளவுக்கு மடியும். யாழ்ப்பாணம் போகும்போது அது உதவும். நாள்தோறும் கடைக்கும் பூங்காவுக்கும் போவதற்குப் பெரிய சக்கரம் வேண்டும் என்று மகள் சொன்னாள். வண்டிலே வேண்டாமென்று துணியால் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு போகும் இளம் ஆங்கிலேயத் தாய்மாரையும் இப்போது தெருவில் நிறையக் காண்கிறேன். துணிகளை இரவல் கொடுத்துக் கட்டப் பழக்கும் இடங்கள்கூட உண்டு. என் அம்மம்மா அதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

முடிவில் எடுத்தது பத்துக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த ஒன்று. இருக்கை இரண்டு பக்கமும் திரும்பும். இருக்கையோடு சேர்த்தே ஒரு கையால் மடியும். கேரிகொட்டும் உண்டு. கார் சீற்றை வேறாக, அவர்களுடைய காரில் பூட்டிப் பார்த்து வாங்கினோம். மகள் தானே அதைத் தூக்கி ஒரு மாடி ஏறுவேன் என்றாள். ஏழு மாத வயிறென்று நான் விடவில்லை. அவளுக்குப் பதிலாக நான் வெறும் வண்டிலை ஆறு படி தூக்கிப் பார்த்தேன். அறுபத்தொரு வயதில் அது முடிந்தது.

காசு கட்டும்போது எனக்கு ஒரு தயக்கம். பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று சாமான் வாங்கி வீட்டில் வைப்பது எங்களில் வழக்கமில்லை. எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, கடைப்பெண் தானாகவே கேட்டார், வண்டிலை இப்போதே அனுப்பவா, பிறந்த பிறகு அனுப்பவா என்று. ஆங்கிலேயரிலும் பழைய ஆட்கள், பிள்ளைக்கு முன் பிராம் வீட்டுக்குள் வரக் கூடாது என்பார்களாம். அவருடைய பாட்டியும் அப்படித்தானாம். கார் சீற் மட்டும் காரில் இருக்கட்டும், மருத்துவமனையிலிருந்து வரத் தேவைப்படும் என்று முடிவாயிற்று. வண்டில் இப்போது மகளின் பெயர் எழுதிய அட்டையோடு கடையின் கிட்டங்கியில் இருக்கிறது. பிள்ளை பிறந்ததும் தொலைபேசியில் சொன்னால் இரண்டு நாளில் கொண்டுவந்து தருவார்கள்.